இரண்டாவது பெட்டி

புனே ஹடப்சரில் இருந்த எங்கள் கம்பெனியில் ஆயிரத்துச் சொச்சம் பேர் வேலை பார்த்தோம். சென்னைக்கு மாற்றல் கேட்டவர்கள் எல்லோருக்கும் ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ கிடைத்தது. இரண்டு வருடமாகக் கிடைக்காதவன் நான் ஒருவன்தான். காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். நான் கிடார் வாசிப்பேன்.

என் பெயர் இருதயராஜ், ஊர் பாளையங்கோட்டை. சர்ச்சில் பாடகர் குழுவுக்குக் கிடார் வாசித்துப் பழகி, இன்ஜினியரிங் முடித்து, 2002-இல் புனேக்கு வந்தேன். அடுத்த வருடம் கல்யாணம். மனைவி ப்ரீதிக்குத் தாம்பரத்தில் பள்ளிக்கூட வேலை. விட்டால் திரும்பக் கிடைக்காத வேலை. அதனால் அவள் அங்கே, நான் புனேயின் சாங்வியில் ஒரு ஒற்றை அறையில். சீக்கிரம் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் இரண்டு பேரும் நினைத்தோம். அதற்குத் தேவை ஒரே ஒரு கையெழுத்து. எங்கள் பிரிவின் தலைவர் வாசுதேவன் சார், இவனை விடுவிக்கிறேன் என்று ஒரு படிவத்தில் போட வேண்டும். அவ்வளவுதான்.

வாசுதேவன் சார் புனேயிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். வீடு விஷ்ராந்த்வாடியில். ஐம்பது வயது. நல்ல மனிதர், அதுதான் சிக்கல். கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை மனசுக்குள் திட்டிவிட்டு என் வழியைப் பார்த்திருப்பேன். சின்ன வயதில் அவருக்குக் கிடார் ஆசை இருந்திருக்கிறது. வீட்டில் வாங்கித் தரவில்லை. பிள்ளைகளைப் படிக்கவைத்து முடித்த பிறகு அமெரிக்கா போனவர், செக்கச்சிவந்த ஒரு எலெக்ட்ரிக் கிடாரோடு திரும்பினார். வந்த வேகத்தில் ஆபீஸில் ஒரு பேண்ட் ஆரம்பித்தார். கிடார் தெரிந்தவன் யார் என்று கேட்டபோது கையைத் தூக்கியது நான். அந்தக் கையை அன்றைக்கு யாராவது ஒடித்திருக்கலாம்.

இந்தக் கதைக்கு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும். எலெக்ட்ரிக் கிடாரை நேராக ஸ்பீக்கரில் மாட்டினால் சத்தம் சுத்தமாக, கொஞ்சம் சப்பென்று இருக்கும். அதில் கரகரப்பு ஏற்றி, ஒரு ஸ்வரத்தை நீட்டி நிற்க வைக்க, காலால் மிதிக்கிற சின்ன இரும்புப் பெட்டி ஒன்று உண்டு. ஓவர்டிரைவ் பெடல் என்பார்கள். பெரும்பாலானவர்கள் ஒன்று வைத்திருப்பார்கள். என்னிடம் இரண்டு இருந்தன. ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள். தனியாகக் கேட்டால் இரண்டுமே சுமார். பச்சை மூக்கால் பேசும், மஞ்சளுக்குத் தொண்டை கட்டியிருக்கும். ஆனால் பச்சையை முன்னால் மாட்டி, அதில் கரகரப்பைக் கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் குறைத்து, வால்யூமை மட்டும் நன்றாக ஏற்றி, அந்தச் சத்தத்தை மஞ்சளுக்குள் தள்ளிவிட்டால் வேறு ஒரு குரல் வரும். ஒரு ஸ்வரத்தைத் தொட்டால் விரலை எடுக்கிற வரைக்கும் அது நிற்கும், நடுவில் லேசாக அழும். அந்த அளவுகளைக் கண்டுபிடிக்க எனக்குச் சாங்வியில் ஒரு மழைக்காலம் முழுவதும் ஆனது.

பச்சையை நான் அணைப்பதே இல்லை. தனியாக வாசிக்கிற சோலோ வரும்போது மஞ்சளை மட்டும் மிதிப்பேன். பச்சையின் சின்ன விளக்கு கண்ணைக் குத்துகிறது என்று அதன் மேல் கறுப்பு டேப் ஒட்டிவைத்திருந்தேன். முதல் ஒத்திகையில் வாசுதேவன் சார் குனிந்து பார்த்து, "அரே ராஜ், இது என்ன, செத்துப்போன பெட்டி?" என்று கேட்டார்.

"ட்யூனர் சார்," என்றேன். கிடாருக்குச் சுருதி பார்க்கிற கருவி என்று அர்த்தம்.

ஏன் பொய் சொன்னேன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். வேறு ஒன்றுமில்லை, கஞ்சத்தனம். ஒரு மழைக்காலம் முழுக்கக் கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்ததை ஒருத்தர் குனிந்து பார்த்துத் தெரிந்துகொள்வதா என்று இருந்தது.

கம்பெனியில் ஒவ்வொரு ஜனவரியும் நிறுவனர் தினம் கொண்டாடுவார்கள். 2004-இல் எங்கள் பேண்டுக்கு அதுதான் முதல் மேடை. ஒரு பழைய ஹிந்திப் பாட்டு, நடுவில் ஒன்றரை நிமிடம் கிடார் சோலோ. சோலோ வாசுதேவன் சாருடையது. முன்னால் விளக்குக்கு அடியில் அவர் நிற்பார், பின்னால் டிரம்ஸுக்குப் பக்கத்தில் இருட்டில் நான். அன்று மத்தியான ஒத்திகையில் அவருடைய கிடார் கீச்சென்று கத்தியதில் சவுண்ட் சிஸ்டம்காரர் பாஸ்கர் அவர் சத்தத்தை மொத்தமாக இறக்கிவிட்டார். இறக்கியதை சாருக்குச் சொல்லவும் இல்லை. என்னிடம் மட்டும் ஹிந்தியில், பெரியவர் மனசு கஷ்டப்படும், நீ பார்த்துக்கொள் என்றார். சாயந்திரம் சோலோ வந்தது. முன்னால் சார் கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டுகிறார், ஸ்பீக்கரில் ஒன்றும் வரவில்லை. பாட்டுக்கு நடுவில் அப்படி ஒரு ஓட்டை விழுந்தால் எந்த வாத்தியக்காரனும் சும்மா நிற்க மாட்டான். மஞ்சளை மிதித்து அவர் வாசிக்க வேண்டியதை நான் வாசித்தேன்.

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. நிறுவனர் மேடைக்கு வந்து வாசுதேவன் சாரைக் கட்டிப்பிடித்தார். சார் முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஒரு மனிதரைச் சந்தோஷப்படுத்திவிட்டோம் என்று அந்த வாரமே படிவத்தை நீட்டினேன்.

"இப்போவா?" என்றார். "நிறுவனர் அடுத்த வருஷமும் வாசிக்கணும்னு சொல்லியிருக்கார். நீ இல்லாம எப்படி? ஒரு வருஷம் பார்க்கலாம், டீக் ஹை?"

அதற்கப்புறம்தான் நான் எதற்குள் நிற்கிறேன் என்று புரிந்தது. நான் நன்றாக வாசித்தால் அவர் விட மாட்டார். வாசிக்காமல் விட்டால் ஆயிரம் பேர் முன்னால் அவர் மானம் போகும், அப்புறம் எந்தக் கையால் எனக்குக் கையெழுத்துப் போடுவார்? 2005 ஜனவரியிலும் அதே மேடை, அதே பாட்டு, அதே ஒன்றரை நிமிடம். பாஸ்கர் யாரும் சொல்லாமலே சாரின் சத்தத்தை இறக்கினார். பிறகு அதே படிவம், அதே பதில்.

இதற்கு நடுவில் 2004 மே மாதம் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. தினமும் சாயந்திரம் நான் ஆபீஸிலிருந்து வந்ததும் ப்ரீதி போன் போடுவாள். பாப்பா அழுதுகொண்டிருப்பாள். நான் போனைச் சின்ன ஸ்பீக்கருக்கு முன்னால் வைத்துவிட்டு, இரண்டு பெட்டியையும் போட்டு, அந்தச் சோலோவின் முதல் வரியை மெதுவாக வாசிப்பேன். அந்தப் பக்கம் அழுகை நின்றுவிடும்.

"வாயப் பொத்திக்கிட்டுக் கேக்கா," என்பாள் ப்ரீதி. "உங்க பிள்ளதான், சந்தேகமே இல்ல."

பேச்சு வந்ததும் பாப்பா முதலில் சொன்ன வார்த்தை அப்பா. அதைப் போனைப் பார்த்துச் சொன்னாள். போன் மணி அடித்தால் அப்பா, மேஜையில் சும்மா கிடந்தாலும் அப்பா. முதலில் கேட்டபோது நான் நன்றாகச் சிரித்தேன்.

"சிரிக்காதீங்க," என்றாள் ப்ரீதி. "உங்க போட்டோவக் காட்டுனா மாமாங்கா. வேலைய விட்டுட்டு வாங்களேன். இங்க வேற கம்பெனியே இல்லையா?"

இந்த இடத்தில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வேறு கம்பெனி இருந்தது. 2005 அக்டோபரில் சென்னையில் ஒரு இடத்தில் எனக்கு வேலை கிடைத்து, கடிதமும் வந்தது. டிசம்பர் முதல் தேதி சேர வேண்டும். நான் சேரவில்லை. அவர்களே வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக ப்ரீதியிடம் சொன்னேன். ஜனவரியில் மேடை இருந்தது, அதுதான் காரணம். வருடத்துக்கு ஒருமுறை, ஒன்றரை நிமிடம், ஆயிரம் பேர் அசையாமல் உட்கார்ந்து கேட்பது என் சத்தத்தை. கைதட்டு யாருக்குப் போனால் என்ன, சத்தம் என்னுடையதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாசுதேவன் சார் விட மாட்டேன் என்கிறார் என்று எல்லோரிடமும் புலம்பியவன், கதவு திறந்தபோது வெளியே போகவில்லை. எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

வாசுதேவன் சாரும் சும்மா இருக்கவில்லை. அமெரிக்கா போன ஒருவரிடம் என்னுடையதைப் போலவே ஒரு மஞ்சள் பெட்டி வாங்கிவரச் சொல்லி, மாட்டிப் பார்த்தார். அது தனியாக இருந்ததால் தொண்டை கட்டிக்கொண்டது. எல்லாக் குமிழையும் கடைசிவரை திருகினார். இன்னும் மோசமானது.

"கொசு மாதிரி கத்தறது," என்றார் என்னிடம். "உன்னோடது பழசு, ராஜ். உள்ளே இருக்கற சிப் பழைய சிப். இப்போ அதெல்லாம் யாரும் பண்றதில்லை. அதான் உனக்கு நன்னா வர்றது."

அவர் காலடியில்தான் டேப் ஒட்டிய பச்சைப் பெட்டி இருந்தது.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் லீவில் தாம்பரம் போனேன். பாப்பா என்னைப் பார்த்ததும் அலறி ப்ரீதியின் சேலைக்குள் புகுந்துகொண்டாள். நாலு நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் பால் வாங்கக் கடைக்குப் போனவன், என்னவோ தோன்றி அங்கிருந்து வீட்டுக்குப் போன் போட்டேன். ப்ரீதி போனை அவள் காதில் வைத்தாள்.

"அப்பா," என்றாள் பாப்பா, அவ்வளவு ஆசையாக. "அப்பா வா."

பால் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கடை வாசலிலேயே நின்று அழுதேன். கடைக்காரர் என்னமோ ஏதோ என்று ஸ்டூல் எடுத்துப் போட்டார். இந்த ஜனவரியோடு சரி என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

முடிவு இதுதான். மஞ்சளை மிதிக்க மாட்டேன். சாரின் சத்தத்தை இறக்க வேண்டாம் என்று பாஸ்கரிடமும் சொல்லிவிடுவேன். சார் தானே வாசிக்கட்டும். அசிங்கப்பட்டால் படட்டும். பேண்ட் கலைந்துவிடும், பேண்ட் இல்லாவிட்டால் என்னைப் பிடித்துவைக்க ஒன்றும் இருக்காது. கோபத்தில் கையெழுத்துப் போடாவிட்டால் வேலையை விட்டுவிட்டுப் போவேன். பாஸ்கர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், ஆனால் சரி என்றார்.

2006 ஜனவரி. சாயந்திரம் ஐந்து மணி. அரங்கம் நிறைந்திருந்தது. முதல் வரிசையில் நிறுவனர், அவருக்குப் பக்கத்தில் சாரின் மனைவியும் இரண்டு பிள்ளைகளும். அவர்கள் வருவார்கள் என்று எனக்குத் தெரியாது. பாட்டு ஆரம்பித்தது, இரண்டாவது சரணம் முடிந்தது, சோலோ வந்தது. நான் மிதிக்கவில்லை.

வாசுதேவன் சாரின் கிடார் முதல் தடவையாக அந்த அரங்கத்தில் கேட்டது. மெல்லிசாக, பிசிறுபிசிறாக, ஒவ்வொரு ஸ்வரமும் பிறந்த உடனே செத்துப்போனது. தாளம் இரண்டு இடத்தில் நழுவியது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான் கீழே என் செருப்பையே பார்த்துக்கொண்டு ரிதம் வாசித்தேன்.

சார் திரும்பி என்னைப் பார்த்தார். அவர் அதிர்ச்சியடைவார், குழம்புவார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர் முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை. வாசித்துக்கொண்டே, டான்ஸ் ஆடுவதைப் போல இரண்டு அடி, மூன்று அடி பின்னால் வந்தார். கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தபடியே, பளபளவென்ற கறுப்பு ஷூவைத் தூக்கி, என் மஞ்சள் பெட்டியைத் தானே மிதித்தார். பிறகு தன் கிடாரின் வால்யூமைச் சுண்டு விரலால் அணைத்துவிட்டு, மறுபடி விளக்குக்குக் கீழே போய் நின்று விரலை மட்டும் ஓட்டினார்.

என் சத்தம் எழுந்து நின்றது. வாசிக்காமல் இருந்திருக்கலாம், கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கலாம். என் கை நிற்கவில்லை. அது சந்தோஷமாக ஓடியது. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் அவமானம். கூட்டம் எழுந்தது, அது வேண்டுமென்றே செய்த வேடிக்கை என்று நினைத்து முன்னைவிட அதிகமாகக் கைதட்டியது.

மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் அவர் கிடாரைத் துடைத்துக்கொண்டிருந்தார். வேறு யாரும் இல்லை.

"உங்களுக்கு எப்போலேர்ந்து தெரியும் சார்?" என்று கேட்டேன்.

"முதல் வருஷத்துலேர்ந்து." அவர் நிமிரவில்லை. "என் விரல் எங்கே தப்புப் பண்றதுன்னு எனக்குத் தெரியாதா, ராஜ்? அங்கே தப்பு கேக்கலை. அப்போ அது நான் இல்லை. ஆனா நிறுவனர் கட்டிப்பிடிச்சுட்டார். ஆத்துல பசங்க வீடியோல பார்த்துட்டா. அப்புறம் எப்படிச் சொல்றது?"

இத்தனை நாள் நான் மட்டும்தான் மாட்டிக்கொண்டதாக நினைத்திருந்தேன்.

"படிவம் இருக்கா?" என்றார். பையில் எப்போதும் ஒன்று இருக்கும். எடுத்துக் கொடுத்தேன். கிடார் பெட்டியின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். நீட்டும்போது இன்னொரு கையால் கீழே காட்டினார்.

"அந்த மஞ்சளை எனக்குக் கொடுத்துட்டுப் போ. எனக்குன்னு ஒருதரம் அந்த மாதிரி வாசிக்கணும். என் கையாலே."

இரண்டு வருடமாகக் கேட்ட காகிதம் ஒரு முழத் தூரத்தில் இருக்கிறது. அதற்கு மாற்றாக அவர் கேட்பது ஒரு பழைய இரும்புப் பெட்டி. நான் கையை நீட்டவில்லை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது, ஆனால் நின்றேன். பெண்டாட்டி பிள்ளையை ஒரு தட்டிலும் அந்தப் பெட்டியை ஒரு தட்டிலும் வைத்து நிஜமாகவே யோசித்தேன். பிறகு குனிந்து வயரைப் பிடுங்கி மஞ்சளை அவர் கையில் கொடுத்தேன். பச்சையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் பையில் போட்டுக்கொண்டேன்.

பிப்ரவரி கடைசியில் தாம்பரம் வந்து சேர்ந்தேன். பாப்பா அலறவில்லை, ஆனால் கிட்டேயும் வரவில்லை. தூணுக்குப் பின்னால் நின்று மாமா என்பாள். ஒரு சாயந்திரம் கிடாரை எடுத்து, பச்சைப் பெட்டியை மட்டும் மாட்டி, அவளுக்குத் தெரிந்த அந்த வரியை வாசித்தேன். மூக்கால் பேசியது. ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு, மேஜையில் கிடந்த போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"பழகிரும்," என்றாள் ப்ரீதி. "மூணு வாரந்தான ஆகுது. பச்சப் பிள்ளதான."

கடையில் போய் மஞ்சள் கேட்டேன். வெளிநாட்டிலிருந்து வர இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். சரி, வரட்டும் என்று சொல்லி வைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசுதேவன் சார் போன் செய்தார்.

"ராஜ், வரலை," என்றார் எடுத்த எடுப்பில். "உன் பெட்டிதான், உன் குமிழ் எங்கே இருந்ததோ அங்கேயேதான் இருக்கு. தொடக்கூட இல்லை. ஒரு மாசமா உக்காந்து வாசிக்கறேன். வரலை. என் கைதான் சரியில்லையோ?"

அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்ட குரலைத் தாங்க முடியவில்லை. அவர் என்னை விட்டுவிட்டார், நானும் அவரை விட வேண்டாமா?

"கை இல்ல சார். அதுக்கு முன்னாடி இன்னொரு பெட்டி வேணும். ரெண்டு சேர்ந்தாத்தான் அந்தச் சத்தம்."

"இன்னொண்ணா? டேப் ஒட்டினதா? ட்யூனர்னியே."

"ட்யூனர் இல்ல சார். பொய் சொன்னேன்."

"அடப் பாவி," என்றார் மெதுவாக. கோபம் இல்லை.

அவரிடம் இன்னொரு மஞ்சள் இருந்ததே, அமெரிக்காவிலிருந்து வந்தது. அதை முன்னால் மாட்டச் சொன்னேன். கரகரப்பை அறவே குறைத்து, வால்யூமை மட்டும் மேலே. அதிலிருந்து வயர் என் பழைய பெட்டிக்கு. அவர் போனை வைக்காமலே ஒவ்வொன்றாகச் செய்தார். ப்ரீதியும் கேட்கட்டும் என்று நான் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தேன்.

வந்துவிட்டது. அதே வரி, மெதுவாக, தாளம் கொஞ்சம் நழுவி. ஆனால் ஒவ்வொரு ஸ்வரமும் விரலை எடுக்கிற வரைக்கும் நின்றது, நடுவில் லேசாக அழுதது. ஐம்பது வயதுக்காரர் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

அப்போது உள்ளேயிருந்து பாப்பா ஓடிவந்தாள். கொலுசு சத்தம் கேட்டு நான் கையை விரித்தேன், என்னிடம்தான் வருகிறாள் என்று. அவள் என் கையைத் தள்ளிக்கொண்டு மேஜைக்குப் போனாள். போனை இரண்டு கையாலும் எடுத்து நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

"அப்பா," என்றாள் அதனிடம். "அப்பா வந்தாச்சு."

ப்ரீதி அடுப்படி வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். போனை வாங்கட்டுமா என்று கண்ணால் கேட்டாள். வேண்டாம் என்று தலையசைத்தேன். போனுக்குள் வாசுதேவன் சார் அந்த வரியை மறுபடியும் முதலிலிருந்து எடுத்தார். இந்தத் தடவை தாளம் நழுவவில்லை.